உள்ளங்கை அகல மீனுக்கு ஃபிளை கோல் எதற்கு?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் குடியேறி சில மாதங்கள் ஆகின்றன. வீட்டுக்குப் பின்னால் பிரஷி கிரீக் ஓடை. அதில் உள்ளங்கை அகலத்தில் சன்ஃபிஷ் என்ற நன்னீர் மீன் நிறைய. ஃபிளை ஃபிஷிங், அதாவது ஃபிளை என்ற செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது, கற்றுக்கொள்ளும் ஆசையில் கடைக்குப் போனால், அது குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனுக்கான வித்தை, டெக்சஸில் அதற்கு வழியில்லை, வேண்டுமானால் பாஸ் என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்கக் கனமான கோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சன்ஃபிஷுக்காக லேசான கோல் வாங்குவது காசுக்குக் கேடா, எட்டு வயது மகளையும் அழைத்துப் போகலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி கோலைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். சிறு பிள்ளைகள் மண்புழு கோத்துப் பிடிக்கிற மீனை வளர்ந்த ஆள் இத்தனை ஏற்பாட்டோடு பிடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

இருக்கிறது. மத்திய டெக்சஸின் ஓடைகளிலும் சிற்றாறுகளிலும் பல ஆண்டுகளாக இதே மீனைத்தான் பிடித்து வருகிறேன். ஃபிளைகளையும் பெரும்பாலும் நானே கட்டிக்கொள்கிறேன். மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் பனிக்கட்டியைத் துளையிட்டு இந்த மீனைப் பிடிப்பவர்களின் அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே நான் சொல்வதையெல்லாம் வெதுவெதுப்பான, தெளிந்த, இடுப்பளவு ஆழத்துக்கு மிகாத தண்ணீருக்கு உரியதாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னதிலும் ஒரு திருத்தம் உண்டு. டெக்சஸில் ட்ரவுட் அறவே இல்லை என்பது சரியல்ல. கேன்யன் ஏரி அணைக்குக் கீழே, அணையின் அடியாழத்திலிருந்து வெளிவரும் குளிர்ந்த நீரில், குவாடலூப் ஆற்றில் ரெயின்போ ட்ரவுட் விடுகிறார்கள். குளிர்காலத்தில் ஊர்க்குளங்கள் பலவற்றிலும் மாநில அரசே கொண்டுவந்து விடுகிறது. ஆனால் குவாடலூப்புக்கு நீங்கள் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். சன்ஃபிஷைப் பார்க்கச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எடைக் கணக்கு. சாதாரணத் தூண்டிலில் முனையிலுள்ள ஈயக்குண்டு தன் எடையால் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃபிளைக்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கொஞ்சம் இறகு, கொஞ்சம் நூல், ஒரு துண்டு ஃபோம். எனவே பிளாஸ்டிக் பூசிய பருமனான கயிற்றைத்தான் வீசுகிறோம். ஃபிளை அதன் பின்னால் போகிறது. கயிற்றின் எடைக்கேற்ப எண் கொடுத்திருக்கிறார்கள். முதல் 30 அடி நீளம் 60 கிரெய்ன், அதாவது 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் அது 1ஆம் எண். 100 கிரெய்ன், சுமார் ஆறரை கிராம் இருந்தால் 3ஆம் எண். ட்ரவுட்டுக்கென்று பலரும் வாங்கும் 5ஆம் எண் 140 கிரெய்ன், 9 கிராம். பெரிய பாஸுக்கும் கடல் மீனுக்கும் வீசும் 8ஆம் எண் 210 கிரெய்ன். எந்தக் கயிற்றுக்காகச் செய்யப்பட்டதோ அந்த எண்ணே கோலுக்கும் எண்.

இப்போது மீனைப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள புளூகில் (சன்ஃபிஷில் ஒரு வகை) ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். 8ஆம் எண் கோலில் அது மாட்டினால் மாட்டியதே கைக்குத் தெரியாது. அதே மீன் 3ஆம் எண்ணில் மாட்டினால் கோல் பாதிக்குக் கீழே வரை வளைந்து நிற்கும். கடைக்காரர் கொடுக்க நினைத்த கோலில் உங்கள் ஓடையின் மீன் அற்ப மீனாகத்தான் தெரியும். அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குறை மீனுடையது அல்ல. பெரிய மீனைத் தேடி ஊர் ஊராக அலைவதற்குப் பதில் கருவியைச் சிறிதாக்கிக்கொண்டால் வீட்டுக்குப் பக்கத்திலேயே அந்த விளையாட்டு முழுதாகக் கிடைத்துவிடுகிறது. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

எடைக்கு மீறி இழுக்கும் மீன் என்று சன்ஃபிஷைப் பற்றிச் சொல்வது வெறும் பெருமைப் பேச்சல்ல. அதன் உடல் அகலமானது, பக்கவாட்டில் தட்டையானது. இழுபடும்போது அது நேராக வராது. உடலை இழுப்புக்குக் குறுக்கே திருப்பிக்கொண்டு வட்டமடிக்கும். மீனின் எடையோடு அந்த அகன்ற பக்கத்தில் மோதும் தண்ணீரின் எதிர்ப்பும் சேர்ந்து உங்கள் கையில் விழுகிறது. ட்ரவுட் ஓடும், பாஸ் துள்ளும், சன்ஃபிஷ் சுற்றும். கோலின் நுனி விட்டு விட்டு அதிர்வதும், கயிறு தண்ணீரைக் கீறிக்கொண்டு ஒரு பக்கமாக வளைவதும் லேசான கோலில் ஒன்று விடாமல் கைக்கு வந்து சேரும். அரை நிமிடத்துக்குமேல் இது நீடிக்காது, நீடிக்கவும் விடக்கூடாது.

சன்ஃபிஷ் என்பது ஒரு மீன் அல்ல, ஒரு குடும்பம். வட அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் லார்ஜ்மௌத் பாஸும் இதே குடும்பம்தான். பார்வைக்கு நம் ஊர் ஜிலேபிக் கெண்டையை நினைவூட்டும், உறவு கிடையாது. ஜிலேபிக்கு உண்மையிலேயே ஒன்றுவிட்ட சொந்தம் வேண்டுமானால், அதுவும் டெக்சஸ் தண்ணீரில் உண்டு: உடல் முழுக்க நீலப்புள்ளி தெளித்த ரியோ கிராண்டே சிக்லிட். ஜிலேபி சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில் அமெரிக்காவுக்கே சொந்தமான மீன் அது ஒன்றுதான். தெற்கே ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கத்து மீனான அது இப்போது ஆஸ்டின் வட்டார ஓடைகளிலும் குடியேறிவிட்டது. பிடித்தால் சன்ஃபிஷைவிட முரட்டுத்தனமாக இழுக்கும்.

ஓடையில் கிடைப்பவற்றை அடையாளம் காணச் செவுள் மூடியின் முனையில் காது மடல் போல நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் பகுதியைப் பாருங்கள். ஓரத்தில் எந்த நிறமும் இல்லாமல் முழுக்கக் கறுப்பாக இருந்து, முதுகுத் துடுப்பின் பின்பகுதி அடியில் ஒரு கருந்திட்டும் இருந்தால் புளூகில். மடலின் விளிம்பு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் ரெட்இயர். நத்தைகளைத் தொண்டையிலுள்ள பற்களால் நொறுக்கித் தின்பதால் அமெரிக்கத் தெற்கத்திக்காரர்கள் இதை ஷெல்கிராக்கர் என்பார்கள். மடல் நீண்டு, வெள்ளை ஓரம் கட்டி, முகத்தில் நீலக் கோடுகள் நெளிந்தால் லாங்இயர். இது ஒரு சாண் அளவைத் தாண்டுவதே அரிது, ஆனால் இனப்பெருக்கக் காலத்து ஆணின் நிறத்துக்கு ஈடாக இந்த நாட்டு நன்னீரில் வேறெதையும் நான் வைக்க மாட்டேன். மடல் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்து வயிறு மஞ்சள் கலந்த ஆரஞ்சாக இருந்தால் ரெட்பிரஸ்ட். அட்லாண்டிக் கரையோர ஆறுகளின் மீனான இது டெக்சஸுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. வாய் பெரிதாக, உடல் தடித்து, எதையும் யோசிக்காமல் கவ்வுவது கிரீன் சன்ஃபிஷ். இவை ஒன்றோடொன்று கலந்து கலப்பினமும் உண்டாகும். ஆகவே சில மீன்கள் எந்தப் பட்டியலிலும் அடங்காமல் கையில் வந்து நிற்கும். அப்போது பெயருக்காக மண்டையைக் குடைய வேண்டாம்.

லேசான கோலின் இன்பத்தில் பாதிதான் இழுப்பு. மறுபாதி கண்ணுக்கு. ஆழத்தில் இரை போட்டுத் தக்கை அமிழ்வதற்குக் காத்திருக்கும் தூண்டிலில் நடப்பது எதுவும் தெரியாது. தெளிந்த ஓடையில் மிதக்கும் ஃபிளையைப் போட்டால் எல்லாம் உங்கள் கண்முன்னால் நடக்கும். சைப்ரஸ் மர வேரின் நிழலுக்கு ஓரமாக ஃபிளை விழுகிறது. வளையங்கள் விரிந்து அடங்கும்வரை ஒன்றும் இல்லை. பிறகு நிழலின் ஒரு பகுதி மட்டும் நகர்வது போல ஒரு மீன் வெளியே வந்து, ஃபிளைக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடும். மார்புத் துடுப்புகள் இரண்டும் விசிறிக்கொண்டே இருக்கும், உடல் அசையாது. ரப்பர் கால்கள் நீரோட்டத்தில் லேசாகத் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் விழி கீழ்நோக்கி உருண்டு மறுபடி மேலே வருவதுகூடச் சில நேரம் தெரியும். பின்வாங்கும், மறுபடி அருகில் வரும். அந்த நேரத்தில் ஃபிளையை இழுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஓடிவிடும். இழுக்காமல் கோல் நுனியை மயிரிழை அசைத்தால் வாயைக் குவித்து ஒரு உறிஞ்சு. சன்ஃபிஷ் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைத் திடீரென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உள்ளிழுக்கிறது. உங்கள் காதுக்கு முத்தமிடுவது போன்ற சிறு சத்தம் வரும். ஃபிளை இருந்த இடத்தில் ஒரு குமிழி.

அப்போது கோலைப் பின்னால் வெட்டி இழுக்கக்கூடாது. பாஸ் பிடித்துப் பழகியவர்களின் கை அப்படித்தான் போகும். சின்ன வாயிலிருந்து ஃபிளை பிடுங்கிக்கொண்டு வந்து பின்னாலிருக்கும் மரத்தில் மாட்டும். கோலைச் சும்மா உயர்த்தினால் போதும்.

எதை வாங்குவது? என் கருத்து: ஏழு அல்லது ஏழரை அடி நீளத்தில் 3ஆம் எண் கோல். ஓடையின் மேல் மரக்கிளைகள் கவிந்திருப்பதால் ஒன்பது அடிக் கோல் இடைஞ்சல். ஃபைபர்கிளாஸ் கோல் கிராஃபைட்டைவிட மெதுவாக வளைந்து நிமிரும். குறைந்த தூரத்துக்கு அது நல்லது, பழகுபவருக்குக் கயிற்றின் எடையைக் கையில் உணர நேரமும் கிடைக்கும். கயிறு மிதக்கும் வகையாக இருக்கட்டும். ரீலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். இந்த மீன் ரீலிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடாது, கயிற்றைச் சுற்றி வைக்கும் பெட்டியாக மட்டுமே அது பயன்படும். கயிற்றின் முனையில் லீடர் என்ற மெல்லிய நரம்பு ஏழரை அடி, அதன் நுனி 4எக்ஸ் அல்லது 5எக்ஸ். எக்ஸ் எண்ணை 11இலிருந்து கழித்தால் வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பருமன் என்ற கணக்கு. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, 0.15 மில்லிமீட்டர். இதைவிட மெல்லிய நரம்பு இந்த மீனுக்குத் தேவையில்லை.

லேசாக இருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். 1ஆம் எண்ணுக்கும் கீழே பூஜ்யம், இரட்டைப் பூஜ்யம் என்றெல்லாம் கோல் கிடைக்கிறது. காற்றில்லாத மாலையில் சின்னஞ்சிறு ஃபிளையோடு அவை சுகமானவை, மறுக்கவில்லை. ஆனால் சன்ஃபிஷுக்கு நாம் வீசுவது காற்றைத் தடுக்கும் ரப்பர் கால் ஃபிளை. நான்கு கிராம் கயிறு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் திணறும். இன்னொன்று: அதே ஓடையில் குவாடலூப் பாஸ் இருக்கிறது, டெக்சஸின் மாநில மீன். அது உங்கள் ஃபிளையை எடுக்கும் நாள் வரும். ஆகஸ்டு மாதத்துச் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மெல்லிய கோலில் மீனை நெடுநேரம் அலைக்கழித்தால் விடுவித்த பிறகும் அது பிழைக்காமல் போகலாம். கோல் வளைவதைப் பார்க்கும் ஆசைக்காக மீனைச் சாகடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 3ஆம் எண் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஃபிளையில் மயங்க வேண்டாம். ட்ரவுட்காரர்கள் எந்தப் பூச்சி எந்த வாரம் பறக்கிறது என்று நாட்காட்டி வைத்திருப்பார்கள். சன்ஃபிஷ் அப்படி நுணுக்கம் பார்ப்பதில்லை. தண்ணீரில் விழும் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, தும்பி, புழு எதுவானாலும் சரி. மேற்பரப்புக்கு இரண்டு போதும். ஒன்று ஃபோமில் செய்து நான்கு ரப்பர் கால் வைத்த ஸ்பைடர். மற்றொன்று முன்பக்கம் குழிந்த கார்க் பாப்பர். சுண்டினால் தண்ணீரில் 'பளக்' என்று ஒலிக்கும். டென்னசியின் சட்டனூகாவைச் சேர்ந்த பெக்கின்பா என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்க் பாப்பரை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். தூண்டில் முள்ளின் அளவு 8 அல்லது 10. எண் கூடக் கூட முள் சிறிதாகும். 12, 14 என்று போனால் மீன் ஃபிளையைத் தொண்டை வரை விழுங்கிவிடும், எடுப்பது மீனுக்கு வதை. நண்பகலில் மீன் மேலே வராவிட்டால் மூழ்கும் ஃபிளைகளான 10ஆம் எண் வூலி பக்கர் அல்லது ஏதேனும் ஒரு நிம்ஃபை நிழலோரத்தில் மெதுவாக மூழ்கவிடுங்கள். ரெட்இயர் பெரும்பாலும் தரையில் மேய்வதால் அதைப் பிடிக்க இதுவே வழி.

வீசும் தூரம் உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். சன்ஃபிஷுக்கு 25 அடி வீசத் தெரிந்தால் ஓடையில் பாதி உங்களுடையது. பின்னால் இடமில்லாதபோது கயிற்றைத் தண்ணீரிலேயே இழுத்து வளையமாக முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட்டை முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள். புல்தரையில் இது வராது, தண்ணீரின் பிடிப்பு வேண்டும். தூரத்தைவிட நிழல்தான் முக்கியம். உங்கள் நிழலோ கோலின் நிழலோ மீன் மேல் விழுந்தால் கால் மணி நேரத்துக்கு அந்த இடத்தை மறந்துவிடலாம். நீரோட்டத்துக்கு எதிராக, கீழிருந்து மேலே நடங்கள். மீன் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால் நீங்கள் அதன் முதுகுப்பக்கம் இருப்பீர்கள், நீங்கள் கலக்கிய சேறும் பின்னாலேயே போய்விடும்.

காலம் பற்றி. தண்ணீர் 21 டிகிரி செல்சியஸை எட்டும்போது, இங்கே ஏப்ரல் வாக்கில், சன்ஃபிஷ் முட்டையிடத் தொடங்கும். கோடை முழுக்க விட்டுவிட்டுத் தொடரும். ஆண் மீன் வாலால் சரளையை விசிறி ஓரடி அகலத்தில் தட்டுப் போன்ற குழி பறிக்கும். புளூகில் இப்படிக் கூட்டமாகக் குழி பறித்துக் குடியிருக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். முட்டையை விசிறிக் காற்றோட்டம் கொடுப்பதும், குஞ்சு நீந்தும்வரை எதிரிகளை விரட்டுவதும் அப்பன் வேலை. கனடாவின் ஒண்டாரியோவில் ஓப்பினிகான் ஏரியில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே குழி காக்கும் ஆண்கள் பருவமடைய ஏழு ஆண்டு ஆகிறது. இன்னொரு வகை ஆண்கள் இரண்டே வயதில் பருவமடைந்து, குழி பறிக்காமல், காவலனின் கண்ணில் மண்ணைத் தூவி ஓடி வந்து கருவூட்டிவிட்டுப் போகின்றன. கொஞ்சம் வளர்ந்தபின் பெண் போல வேடம் போட்டு உள்ளே நுழைபவையும் உண்டு.

இதை நான் சொல்வது சுவைக்காக மட்டும் அல்ல. குழிமேல் நிற்கும் ஆண் கோபத்தில் எதையும் தாக்கும். பிடிப்பது மிக எளிது. அதைத் தூக்கிய சில நிமிடங்களில் சுற்றியுள்ள மீன்கள் முட்டையைத் தின்னத் தொடங்கிவிடும். பெரிய ஆண்களைத் தொடர்ந்து எடுத்துவிட்டால் இளைய ஆண்கள் வளரக் காத்திராமல் சிறு வயதிலேயே பருவமடைகின்றன, அந்த நீர்நிலையின் மீனெல்லாம் குட்டையாகிவிடுகிறது என்று அமெரிக்காவின் மத்திய மேற்கு ஏரிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. பாஸ் போன்ற வேட்டை மீன் குறைந்து சன்ஃபிஷ் பெருகுவதாலும் குட்டையாகும். எது எந்தக் குளத்தில் காரணம் என்பது குளத்துக்குக் குளம் மாறும். நான் செய்வது இது: குழிகள் இருக்கும் இடத்தின் ஓரத்தில் ஓரிரு மீன் பிடித்து அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் நடுத்தர அளவை எடுத்துப் பெரியதை விடுவேன். வழக்கத்துக்கு நேர்மாறு என்று தோன்றும், ஆனால் நாளைக்கும் பெரிய மீன் வேண்டுமென்றால் அதுதான் வழி.

சாப்பிடலாமா என்றால், தாராளமாக. சாப்பிடாத மீனை ஏன் பிடிக்கிறாய் என்று என் வீட்டில் கேட்டவர்களுக்கு ஒரு நாள் பொரித்துப் போட்ட பிறகு கேள்வி நின்றது. செதில் நீக்கி, இரு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள் மஞ்சள் உப்பு தடவி முழுதாகப் பொரித்தால் வெள்ளைச் சதை இனிப்பாக இருக்கும். தெற்கு மாநிலங்களில் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள். முள் உண்டு, குழந்தைக்குக் கொடுக்கும்போது பிய்த்துக் கொடுங்கள். டெக்சஸில் புளூகில், ரெட்இயர் போன்றவற்றுக்கு மாநில அளவில் நீள வரம்போ எண்ணிக்கை வரம்போ இல்லை. உங்கள் நகரப் பூங்காவின் குளத்துக்குத் தனி விதி இருக்கலாம், பலகையைப் பாருங்கள். ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்தில் மட்டும் விடாதீர்கள். 1960இல் சிகாகோவிலிருந்து அன்றைய இளவரசர் அகிஹிதோ ஜப்பானுக்குக் கொண்டுபோன புளூகில்கள் பெருகி அந்த நாட்டுச் சொந்த மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன. பேரரசரான பிறகு 2007இல் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

இனி ஐயத்துக்குரியவை. பௌர்ணமியை ஒட்டித்தான் முட்டையிடும் என்று தெற்கத்தி மீன்பிடிப்பவர்கள் சத்தியம் செய்வார்கள். வெப்பநிலைக்கும் பகல் நீளத்துக்கும் உள்ள பங்கு தெளிவானது; நிலவின் பங்கு அந்த அளவுக்கு நிறுவப்பட்டதல்ல. நான் நாட்காட்டியில் நிலவைப் பார்ப்பதில்லை, தெர்மாமீட்டரைத் தண்ணீரில் வைக்கிறேன். மஞ்சள் ஃபிளையா கறுப்பா என்ற சண்டையிலும் எனக்கு உறுதியான கட்சி இல்லை. அந்திக்குக் கறுப்பு என்று நான் கட்டுவது மேலே வானப் பின்னணியில் நிழலுரு தெளிவாகத் தெரியும் என்ற ஊகத்தில்தான். மீனுக்கு வலிக்குமா என்பதில் அறிஞர்களே பிரிந்து நிற்கிறார்கள். வலிக்கலாம் என்று வைத்துக்கொண்டு நடப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: நுனியின் எதிர்முள்ளை நசுக்கிய தூண்டில் முள், நனைத்த கை, தண்ணீருக்கு மேல் சில நொடிகள். பிடிக்கும்போது தலைப்பக்கத்திலிருந்து வால் நோக்கிக் கையை வழித்து முதுகு முட்களைப் படியவையுங்கள். புளூகிலுக்குப் பத்து முள் அளவில் இருக்கும், உள்ளங்கையில் ஏறினால் மாலை வரை நினைவில் நிற்கும்.

சட்டம் கொஞ்சம். 17 வயது நிரம்பியவருக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் வேண்டாம். ஆஸ்டினின் தென்கிழக்கில் மெக்கின்னி ஃபால்ஸ் பூங்காவில் ஆனியன் கிரீக் ஓடுகிறது, தொடங்க நல்ல இடம். டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்குமேல் வசித்தால்தான் உள்ளூர்க் கட்டணம். உங்களுக்கு இன்னும் ஆகவில்லை என்றால் பூங்காவே லாபம். சராசரி அகலம் 30 அடிக்குக் குறையாத ஓடையின் படுகை பொதுமக்களுக்குரியது, கரை பெரும்பாலும் தனியாருடையது. அதனால் பாலத்தடியில் இறங்கித் தண்ணீருக்குள்ளேயே நடப்பது இங்கே வழக்கம். பிரஷி கிரீக்கில் பொது நடைபாதை நெடுக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. வேரடியில் நச்சுள்ள காட்டன்மௌத் பாம்பு இருக்கும், காலை வைக்குமுன் பாருங்கள். மேல்பகுதியில் மழை என்று செய்தி வந்தால் ஓடைப்பக்கமே போகாதீர்கள். 2025 ஜூலையில் குவாடலூப் ஆறு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை.

மகளை அழைத்துப் போங்கள். 17 வயதுக்குக் கீழே உரிமம் வேண்டாம். இருவருக்கும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்; பின்னால் போகும் முள் எங்கே வரும் என்று முதல் மாதத்தில் யாருக்கும் தெரியாது. நீங்கள் வீசும்போது அவளை உங்கள் வலக்கைப் பக்கம் நிற்கவிடாதீர்கள். அவளுக்கு முழுக் கயிற்றையும் கொடுக்காமல் கோல் நுனியிலிருந்து 15 அடி மட்டும் வெளியே விட்டுக் கொடுத்தால் வீசாமலே ஃபிளையை நீரோட்டத்தில் மிதக்கவிடலாம். சன்ஃபிஷுக்கு அதுவே போதும். கோலோடு 10ஆம் எண் ஃபோம் ஸ்பைடர் அரை டஜனாவது வாங்கிக்கொள்ளுங்கள், முதல் நாளே மூன்று மரத்தில் போய்விடும்.